நான்கு அணைகளின் நீர்மட்டம்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் பேப்பரை விரித்தால் ராசிபலனுக்கு முன்னால் அணைகளின் நீர்மட்டத்தைத்தான் தேடுவான். ஊரில் ஒரு சென்ட் வயல் இருக்காது. தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் லாரித் தண்ணீர் வாங்கிக் குளித்துக்கொண்டிருப்பான். ஆனாலும் பாபநாசம் இரண்டடி ஏறியிருக்கிறது என்று படித்தால்தான் அவனுக்குக் காப்பி இறங்கும்.

எங்கள் பாளையங்கோட்டைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில், "மணிமுத்தாறு போவோமால?" என்று ஒருவன் கேட்டதும் அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கட்டைவிரல் காட்டியவன் வரமாட்டான் என்பது குழுவின் எழுதாத சட்டம். சென்னையிலிருந்து மூன்று பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம். கல்லிடைக்குறிச்சியிலேயே தங்கிவிட்ட ஒருவன் அம்பாசமுத்திரத்தில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. எங்களில் ஒருவன் பெரிய கம்பெனியில் பொது மேலாளர். எழும்பூரில் போனில் ஆங்கிலத்தில் ஆட்களை மிரட்டிக்கொண்டிருந்தான். விடிந்து கங்கைகொண்டான் தாண்டியதும், "ஏல, அந்தத் துண்ட எடு" என்றான். நாங்களும் அவனைப் பழையபடி மொட்டை என்று கூப்பிட ஆரம்பித்தோம். இப்போது அந்தப் பெயருக்கு அவன் முழுத் தகுதியும் பெற்றிருந்தான்.

அம்பாசமுத்திரம் லாட்ஜில் இட்லிக்கு முன்னால் மொட்டை பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்தான். விரலைக் குத்தினான். 143. கல்லிடைக்குறிச்சிக்காரன் கட்டிலில் இருந்து துள்ளி எழுந்தான்: "ஏல, பாபநாசம் ரொம்பிட்டு!"

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி. அதற்கப்புறம் யாரையும் தடுக்க முடியவில்லை. அடுத்தவனுக்கு 155. சேர்வலாறு 156 அடி, இன்னும் ஓரடிதான் பாக்கி, கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது. எனக்கு 130. "இவன் மேக்கரை அடவிநயினார்ல, 132 அடி. 2019-லயே தென்காசி மாவட்டத்துக்குப் போயாச்சு, வெளியூர்க்காரன்" என்று ஓரங்கட்டிவிட்டார்கள். கல்லிடைக்குறிச்சிக்காரன் தினமும் ஆற்றுக்கு நடந்து போய்க் குளிக்கிறவன். அவனுக்கு 90. மணிமுத்தாறு 118 அடி. அவனுக்கு எப்போதும் இடம் காலி. அந்த அணையும் அப்படித்தான். பாபநாசத்துக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. மணிமுத்தாறு நிறைய வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழை மனசு வைக்க வேண்டும். தீபாவளிப் பலகாரத்துக்குத்தான் அவன் அளவும் ஏறுமாம்.

மணிமுத்தாறு அருவிக்குப் போகும் வழியில் வனத்துறைச் செக்போஸ்ட். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்பதால் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்கிறார்கள். எங்கள் பைகளில் இருந்தது மாத்திரை அட்டைகள். பார்த்த காவலர் பணிவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, மெடிக்கல் ஷாப் வச்சிருக்கீயளா?"

அந்தக் காலத்தில் இதே பாதையில் பஸ்ஸின் பின்சீட்டில் எகிறிக் குதித்துக்கொண்டு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று போனவர்கள்தான். இப்போதும் அனுமதி வாங்கிப் போகலாமா என்று கேட்டேன். சேர்வலாறு மறுத்துவிட்டான். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த எஸ்டேட்டுக்கே 2028 வரை கெடு இருந்தது. அவன் முதுகின் குத்தகை முன்னமே முடிந்துவிட்டதாம்.

அருவியில் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "பைய நில்லுல, பைய" என்று ஒருவருக்கொருவர் சொன்னதுதான் அங்கே நடந்த மொத்த உரையாடல். வெளியே வந்தபோது நால்வரும் ஒரே நேரத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். கல்லூரிப் பெண்கள் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் குரங்கைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் கல்லிடைக்குறிச்சி நண்பன் வீட்டில் அவன் மனைவி, எங்கள் மதினி, சொதி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், அந்த ஊர் அப்பளம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாட்டை முடி கொட்டிய நாலு பேருக்குப் போட்டால் என்ன ஆகும்? அணைகளுக்கு நீர்வரத்து திடீரென்று அதிகரித்தது. சாயங்காலம் திருநெல்வேலி டவுனுக்குப் போனோம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை வரிசையில் நின்று அல்வா வாங்கினோம். ஆளுக்கு ஒரு துண்டுதான் என்று சத்தியம். பாபநாசமும் சேர்வலாறும் மட்டும் "கோயிலை ஒரு சுற்று சுற்றிட்டு வாறோம்" என்று போனார்கள். நிஜத்தில் அந்த இரண்டு அணைகளையும் மலைக்குள் ஒரு சுரங்கம் இணைக்கிறது. இங்கேயும் ஏதோ ரகசிய வழி இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை காலை குளுக்கோமீட்டரில் தெரிந்தது. எண்களை இங்கே எழுதினால் இரண்டு குடும்பங்களில் சண்டை வரும். "எங்க வீட்ல மட்டும் சொல்லிராதல" என்று மொட்டை கெஞ்சியது மட்டும் செய்திக்காக.

நீங்களும் பழைய கூட்டாளிகளோடு அந்தப் பக்கம் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அல்வாவை ரயில் ஏறப்போகிற அன்றைக்கு வாங்குங்கள். முதல் நாளே வாங்கினால் வீடு வந்து சேராது.