கிடப்பியல்: இக்காஸ்டை முன்வைத்து ஒரு முன்னாய்வு

அரசு அலுவலகத்துக்குள் போன காகிதம் அசையாமல் இருக்கும் நிலைக்குக் கிடப்பு என்று பெயர். நியூட்டனின் முதல் விதி இங்கே செல்லாது. வெளியிலிருந்து எவ்வளவு விசை கொடுத்தாலும் காகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். கிடப்பு இருவகைப்படும்: இயற்கைக் கிடப்பு, செயற்கைக் கிடப்பு.

யாழ்ப்பாணக் கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் கால் கடுக்க நின்றவர்களுக்கு முதல் வகையை விளக்கத் தேவையில்லை. ஐயா சாப்பிடப் போயிருப்பார். நாளைக்கு வாங்கோ என்பார்கள். நாளைக்குப் பௌர்ணமிப் போயா விடுமுறையாக இருக்கும். இதில் யாருடைய சதியும் இல்லை, தானாக விளைவது.

இரண்டாம் வகையை ஆராய டென்மார்க்குக்குத்தான் போக வேண்டும். மத்திய யூலாந்தில், பின்னலாடைக்குப் பேர்போன சின்ன ஊர் இக்காஸ்ட். எண்பதுகளில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர் பலர் இங்கேயும், பக்கத்து ஹேர்னிங், பிராண்டே ஊர்களிலும் குடியேறினார்கள். இந்த நாட்டுக் கொம்யூன் (நகராட்சி) அலுவலகத்தில் வாசலிலேயே ஒரு இயந்திரம் நம்பர் துண்டு தரும். சுவரில் அந்த நம்பர் எரிந்ததும் கதிரையை விட்டு எழுந்து போகலாம். முண்டியடிக்க வரிசையே கிடையாது. நம் ஆட்களுக்கு முதல் மாதம் கையையும் காலையும் என்ன செய்வதென்று தெரியாது.

இந்த மண்ணிலும் இயற்கைக் கிடப்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1968-இல் வந்த சி.பி.ஆர். என்னும் ஆள் பதிவு இலக்கம் பத்து எண்கள் கொண்டது. முதல் ஆறும் பிறந்த தேதி. கடைசி எண் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். அது கிடைக்க முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக் கேட்பார். வங்கி சி.பி.ஆர். இலக்கம் கேட்கும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற நம்மூர்க் கதைதான். ஆனாலும் யாராவது ஒரு சொந்தக்காரர் தன் வீட்டு முகவரியைக் கொடுத்ததும் முடிச்சு அவிழ்ந்துவிடும். கிடப்பியலார் இதைப் பொருட்படுத்துவதில்லை.

எல்லாம் நேரத்துக்கு நடக்கும் நாட்டில் தாமதம் தானாக வராது. மேலிடத்திலிருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அதைச் செய்தார். அகதிகளின் மனைவி மக்களை வரவழைக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருந்தது. தமிழரின் அந்த விண்ணப்பங்களை மட்டும் தொடாமல் வைக்கச் சொன்னார். இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்துவிட்டது, இனித் திரும்பிப் போவார்கள் என்பது கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையோடு சண்டை மூண்டது. குண்டுச் சத்தத்துக்கு நடுவே அங்கே குடும்பங்கள், இங்கே கோப்புகள். இந்த இடத்தில் ஆய்வாளனுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் வெளியே கசிந்தது. 1989-இல் பிரதமர் போல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். பின்னலாடை ஊர் என்பதற்காக இக்காஸ்டைச் சந்தேகிக்க வேண்டாம். பேர்போன கம்பள ஆலை இருப்பது ஹேர்னிங்கில். உச்ச நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் அந்தக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்து சுமார் 6,000 பக்க அறிக்கை எழுதினார். ஒரு தாமதத்தை விளக்க இவ்வளவு காகிதம் செலவானது கிடப்பியலுக்கே பெருமை. 1993 ஜனவரி 14 அன்று அறிக்கை வந்தது. அன்றே ஸ்லூட்டர் பதவி விலகுவதாக அறிவித்தார். இக்காஸ்டிலோ ஹேர்னிங்கிலோ கிழமைக்கொருதரம் தபால்பெட்டியைத் திறந்து பார்த்த யாரோ சிலரின் விண்ணப்பங்கள் ஒரு அரசையே கவிழ்த்தன. நமது இனம் உலகில் கவிழ்த்த அரசுகளின் பட்டியலில் இதை ஏன் சேர்ப்பதில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் 1910-க்குப் பிறகு முதல்முறையாகக் கூடியது. 1995-இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அவர் விடவில்லை, ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். விசாரணைக்கு எடுக்க முடியாது என்று 1999-இல் பதில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரது கோப்பைத் தொடாமல் வைக்கும்படி யாரும் உத்தரவிட்டதாகத் தகவல் இல்லை. ஆகவே அதை இயற்கைக் கிடப்பின் கீழ் வகைப்படுத்துகிறோம்.