கிளையன்ட் பேரை மட்டும் கேட்காதீங்க!

அமெரிக்காவில் கான்ட்ராக்டில் ஐடி வேலை பார்க்கிறவர் யாருடைய போனையாவது வாங்கிப் பாருங்கள். சொந்தத் தம்பியின் நம்பர் இருக்கிறதோ இல்லையோ, 'பிரையன் - எடுக்காதே', 'பிரையன் 2', 'கெவின் - இவனும்தான்' என்று நாலைந்து பேர் இருப்பார்கள். பிரையன் கூப்பிடுவது நியூஜெர்சி நம்பரிலிருந்து. உட்கார்ந்திருப்பது நொய்டாவில், ஹைதராபாத்தில், சமயத்தில் நம்ம அம்பத்தூரில். அங்கே அப்போது நடுராத்திரி.

ரெக்ரூட்டர் என்பது இவர் பதவி. கம்பெனிக்கு ஆள் வேண்டும், நமக்கு வேலை வேண்டும். நடுவில் நின்று கோர்த்துவிடுவது தொழில். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். ஆனால் பொய் சொல்லமாட்டார், அதற்கு நான் ஜாமீன். பொய் சொல்வதென்றால் முதலில் ஏதாவது ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டுமே!

"சார், அவசர ரெக்வயர்மென்ட். டைரக்ட் கிளையன்ட். உங்க ப்ரொஃபைல் அப்படியே மேட்ச் ஆகுது."

"கிளையன்ட் யாரு?"

"பெரிய கிளையன்ட் சார். ஃபைனான்ஸ் டொமைன்."

"பேரு?"

"ரொம்ப நல்ல பேரு சார்."

"எந்த ஊரு?"

"ஒஹையோ."

"நான் டெக்ஸஸ்ல இருக்கேனே."

"சூப்பர் சார், அப்ப ரீலொகேட் பண்ண ரெடின்னு போட்டுக்கறேன்."

கல்யாணத் தரகர் தேவலை. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். ஆனாலும் மாப்பிள்ளை என்று ஒருவர் எங்கேயோ இருப்பார்.

பேரைச் சொன்னால் நாம் வேறு வெண்டரைப் பிடித்து உள்ளே போய்விடுவோம் என்ற பயம் பிரையனுக்கு உண்டு. அது நியாயமும்கூட. ஆனால் பாதி நேரம் விஷயம் அதுவல்ல. பேரு அவருக்கே தெரியாது. மேலே கிளையன்ட். அவர்களுடைய ஆள் எடுக்கும் வேலையைக் கவனித்துக்கொள்ள ஒரு கம்பெனி. அதற்குக் கீழே பிரைம் வெண்டர். அவருக்குக் கீழே சப் வெண்டர். அதற்கும் கீழே நம் விசாவை வைத்திருக்கும் எம்ப்ளாயர். இதில் ஏதோ ஒரு படிக்கட்டில் பிரையன் நிற்கிறார். தன் தலைக்கு மேலே யாருடைய கால் தெரிகிறதோ அவரைத்தான் 'டைரக்ட் கிளையன்ட்' என்கிறார்.

ரேட் விஷயத்துக்கு வந்தால் மனிதர் நாட்டியமே ஆடுவார். "உங்க எக்ஸ்பெக்டேஷன் என்ன சார்?" "நீங்க எவ்வளவு தருவீங்க?" "மார்க்கெட் ரேட் சார்." "மார்க்கெட்ல எவ்வளவு?" "அது உங்க எக்ஸ்பெக்டேஷனைப் பொறுத்தது சார்." முதலில் எண்ணைச் சொன்னவர் தோற்றார். கிளையன்ட் மணிக்கு 100 டாலர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் ஒருவர் கிள்ளிக்கொண்டு, கீழே வந்து சேரும்போது அது 60 ஆகியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாம் 55 என்று வாய் தவறினால் "கொஞ்சம் கஷ்டம்தான் சார், உங்களுக்காகப் பேசிப் பார்க்கறேன்" என்று பெருமூச்சு விட்டபடியே பிரையன் ஐந்து டாலரை ஓரம் கட்டுவார். கூடவே 'ஆல் இன்க்ளூசிவ்' என்று ஒரு வார்த்தை வரும். விமான டிக்கெட், தங்கும் ரூம் எல்லாம் உன் செலவு என்று அர்த்தம்.

பிறகு ஆர்டிஆர். 'என் சார்பில் ரெஸ்யூமே அனுப்ப உங்களுக்கு மட்டுமே அனுமதி' என்று நாம் மெயிலில் எழுதிக்கொடுக்கும் சம்மதம். பத்து நிமிஷத்தில் வேண்டும். இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும். பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நாலு எண் எல்லாம் கேட்பார். கிளையன்ட் பேரை நாம் கேட்டால் மட்டும் அது 'கான்ஃபிடென்ஷியல்'. இந்த ரகசியத்தால் ஒரே ரெஸ்யூமே ரெண்டு பிரையன்கள் வழியாக ஒரே கிளையன்டிடம் போய் நிற்பதுண்டு. கிளையன்ட் தரப்பில் சண்டை எதற்கு என்று ரெண்டையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அவருடைய உச்சக்கட்ட வித்தை ரெஃபரன்ஸ். இன்டர்வியூவே வரவில்லை, அதற்குள் "ரெண்டு மேனேஜர் பேரு, நம்பர் கொடுங்க சார், ஃபார்மாலிட்டி" என்பார். கொடுத்தோமா, போச்சு. அடுத்த வாரம் நம் பழைய மேனேஜர் போன் செய்கிறார்: "யாரோ பிரையனாம். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. எங்க டீம்ல ஆள் வேணுமான்னு கேக்கறான்." நமக்கு வேலை வாங்கித்தர வந்தவருக்கு நாம் வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

அதற்கப்புறம் பிரையன் காணாமல் போவார். விரட்டிப் பிடித்தால் மூன்று பதில்களில் ஒன்று: ஃபீட்பேக் வரலை, பொசிஷன் ஹோல்டுல இருக்கு, மேனேஜர் வெகேஷன். ஆகஸ்டிலும் வெகேஷன், பிப்ரவரியிலும் வெகேஷன். அந்த மேனேஜர் எப்போதுதான் ஆபீஸ் போவாரோ!

இப்படி ஒருமுறை எரிச்சலில் நான் தமிழில் ஏதோ முணுமுணுத்துவிட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு நொடி மௌனம். "அண்ணா, நீங்க தமிழா?" பிரையனின் அமெரிக்க உச்சரிப்பு இறங்கி, அம்பத்தூர் ஏறியது. தினமும் இத்தனை ரெஸ்யூமே அனுப்பியே ஆகணும்ணா, இல்லைன்னா டீம் லீட் எல்லார் முன்னாடியும் கத்துவார் என்றான். "சரி தம்பி, கிளையன்ட் யாருன்னு இப்பவாவது சொல்லு." "சத்தியமா பெரிய கிளையன்ட்ணா!"

நம் ஆட்களும் உத்தமர்கள் இல்லை. மூன்று வருஷ அனுபவத்தை எட்டாக ஊதுகிறவர்களும், போன் இன்டர்வியூவுக்கு நண்பனைப் பேசவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தராசு சமமில்லை. 2017-ல் வந்த விதிப்படி, எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். பேச்சை ஆரம்பித்ததுமே "விசா ஸ்டேட்டஸ் என்ன சார்?" என்று பிரையன் விசாரிப்பது அதனால்தான்.

ஆகவே கான்ட்ராக்ட் நண்பர்களே, கிளையன்ட் பேரு, ஊரு, மணிக்கு எவ்வளவு, பில் போட்டு எத்தனை நாளில் பணம் என்ற நாலும் மெயிலில் வராமல் 'கன்ஃபர்ம்' என்று எழுதாதீர்கள். ப்ராஜெக்ட் இல்லையென்று எம்ப்ளாயர் பெஞ்சில் உட்காரவைத்தாலும் எச்-1பி ஆளுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். கொடுக்காவிட்டால் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு டபிள்யூஎச்-4 என்ற படிவத்தில் 12 மாதத்துக்குள் புகார் செய்யலாம். மேனேஜர் நம்பரை இன்டர்வியூ முடிந்த பிறகு கொடுத்தால் போதும்.