காற்றும் கூரையும் நுரையும்: ஆங்கிலேயர் கொல்லைக் கொட்டகை பற்றி ஒரு கள ஆய்வு

1. முன்னுரை

எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளவுகருவியோடு ஊர் ஊராகப் போய் நம்மவர் மூக்கை அளந்தவர் அவர். நூறாண்டு கடந்தும் அந்தக் கடனை நம்மில் யாரும் திருப்பித் தரவில்லை.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் குடியிருக்கும் எனக்கு அதைத் தீர்க்கும் வாய்ப்பு 2022 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமையன்று வாய்த்தது. யூனிஸ் புயல் பக்கத்து வீட்டுக்காரரின் பீர்க் கொட்டகைக் கூரையைப் பெயர்த்து, வேலியைத் தாண்டி, என் கறிவேப்பிலைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டுப் போயிற்று. ஆய்வுப்பொருள் ஆய்வாளனைத் தேடி வருவது அரிது. வந்ததை விடக் கூடாதென்று அன்றே குறிப்பேட்டைத் திறந்தேன். மூக்கு எதையும் அளக்கவில்லை. கொட்டகையோடு நிறுத்திக்கொண்டேன்.

2. சொல்லாராய்ச்சி

கொட்டகை என்பது யாது? தமிழில் மாடு கட்டினால் மாட்டுக் கொட்டகை, படம் காட்டினால் சினிமாக் கொட்டகை. யாழ்ப்பாணத்தில் கள் விற்றால் கள்ளுக்கொட்டில். உள்ளே நடப்பதை வைத்தே பெயர் அமைவது நம் மரபு. ஆங்கிலேயர் இதற்கு மாறானவர். உள்ளே என்ன நடந்தாலும் ‘ஷெட்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுவர். உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாது என்பதே அந்தக் கட்டடத்தின் முதல் நோக்கம் என்று இதிலிருந்து துணியலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் கொட்டகைக்குள் நடந்தது பீர் காய்ச்சுதல். ‘காய்ச்சுதல்’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் ஊறல் பானையும் போலீஸ் ஜீப்பும் தோன்றும். ஈண்டு அந்த அச்சம் வேண்டா. பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். சொந்தக் குடிப்புக்கு எவ்வளவும் செய்துகொள்ளலாம், விற்கத்தான் கூடாது. வாலை வைத்து வடித்தால் மட்டும் இன்றும் குற்றம்.

செய்முறை எளிது. முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, ஏறக்குறைய 66 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த இனிப்பு நீரில் ஹாப்ஸ் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கொதிக்கும்போது தெருவே ஹார்லிக்ஸ் புட்டியைத் திறந்தாற்போல் மணக்கும். இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: முளைகட்டிய பார்லி.

3. ஆய்வு முறை

இவ்வாய்வில் ஆராயப்பட்ட கொட்டகைகள் மொத்தம் ஒன்று. ஒன்றை வைத்து ஓர் இனத்தையே எடைபோடலாமா என்று கேட்போர் உண்டு. டப்ளின் கின்னஸ் ஆலையில் பணிபுரிந்த வில்லியம் காசெட், குறைந்த மாதிரிகளைக் கொண்டு முடிவுக்கு வரும் கணக்கை 1908இல் வகுத்தார். ஊழியர் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை இசையாததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். சிறுமாதிரிப் புள்ளியியலே பீர் ஆலையில் பிறந்திருக்க, பீர்க் கொட்டகை ஆய்வில் மாதிரி குறைவென்று குறைகூறுவது தகாது. ஒரேயொரு மாதிரிக்குக் காசெட்டின் கணக்கும் செல்லாது என்பதை இங்கே விரிக்கப் புகின் பெருகும் என்பதால் விடுகிறேன்.

காற்றை அளக்கப் போஃபர்ட் 1805இல் ஓர் அளவுகோல் தந்தார். அவர் கப்பற்காரர், பாய்மரத்தை வைத்து அளந்தார். நிலத்தார்க்கு நான் முன்மொழியும் கொட்டகை அளவுகோல் வருமாறு. நிலை ஆறில் கதவு அடித்துக்கொள்ளும். எட்டில் கூரைத் தார்த்தாளின் ஓரம் படபடக்கும். ஒன்பதில் உடையவர் சமையலறை ஜன்னலோரம் வந்து நிற்பார். பத்தில் அவர் மனைவி, “நான் அப்போதே சொன்னேன்” என்பார். பதினொன்றில் கூரை நாடு கடக்கும்.

4. குற்றவாளி யார்?

சேதத்துக்குக் காரணம் காற்று என்பது பாமரர் கொள்கை. அன்று வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல், அதாவது 196 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று. இங்கிலாந்தில் அதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். லண்டனில் ஓ2 அரங்கின் கூரைத்துணி நார்நாராய்க் கிழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இந்தச் செய்தியை மூன்று முறை எனக்குச் சொன்னார். பெரிய இடத்திலும் இழவு விழுந்தது என்பதில் ஓர் ஆறுதல்.

ஆனால் எங்கள் தெருவில் கொட்டகைகள் ஏழு, கூரை போனது ஒன்றுதான். ஆகவே கூரையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்புறப் பலகை விரலால் அழுத்தினால் புட்டு மாவாய் உதிர்ந்தது. ஒரு மணி நேரக் கொதிப்பில் குறைந்தது மூன்று லிட்டர் நீர் ஆவியாகும். மாதம் ஒரு காய்ச்சல், பதினொரு ஆண்டு. 132 காய்ச்சலில் 396 லிட்டர் நீர் கூரையின் அடியில் போய் ஒட்டி, குளிர்ந்து, சொட்டியிருக்கிறது. ஆணி பிடித்திருந்த மரம் எப்போதோ செத்துவிட்டது. ஆணி மட்டும் மரியாதைக்கு நின்றுகொண்டிருந்தது.

கூரை ஏன் மேலே போயிற்று என்பதற்கும் விடை உண்டு. காற்று முகட்டைக் கடக்கையில் கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். சுவரை எத்தனை தடிப்பாகக் கட்டினாலும், கூரையைச் சுவரோடும் சுவரைத் தரையோடும் பிணைக்காத கொட்டகை கவிழ்த்த பெட்டிக்குச் சமம். எனவே, யூனிஸ் நிரபராதி. கொலை செய்தது நீராவி. காற்று பிணத்தைத் தூக்கியது, அவ்வளவே.

காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும் இதே முடிவுக்கு வந்தார். மெல்ல மெல்ல நேர்ந்த சேதத்துக்குப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டுப் போனார். என் ஆய்வு அவருக்குப் பயன்பட்டதென்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

5. மறுகட்டுமானப் படலம்

முதல் நிலை தார்ப்பாய். ஞாயிறன்று காலை கட்டினார். அன்றிரவே பிராங்க்ளின் புயல் வந்து அதைக் கொண்டுபோயிற்று. டட்லி, யூனிஸ், பிராங்க்ளின் என ஒரே வாரத்தில் பெயரிட்ட புயல்கள் மூன்று வந்தது, 2015இல் பெயர் வைக்கத் தொடங்கியபின் அதுவே முதல் முறை. தார்ப்பாய் இன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாம் நிலை வரைபடம். பழைய கொட்டகை ஆறடிக்கு எட்டடி. அதையே திருப்பிக் கட்டுவதாகத்தான் தொடங்கினார். ஏப்ரலில் எட்டுக்குப் பத்து, மே மாதம் பத்துக்குப் பன்னிரண்டு. இழந்த பொருள் நினைவில் வளரும் என்பது இதனால் பெறப்படும். உயரம் மட்டும் வளரவில்லை. வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் கட்டினால் இரண்டரை மீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் திட்ட அனுமதி வேண்டும். அவர் 2.49 மீட்டரில் நிறுத்தினார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன் நான்.

மூன்றாம் நிலையில் மரவேலை. ஆணிக்குப் பதில் திருகாணி. கைமரம் ஒவ்வொன்றையும் சுவர்ச்சட்டத்தோடு பிணைக்க இரும்புப் பட்டை. அடிச்சட்டத்தைக் காங்கிரீட் தரையோடு இறுக்கப் போல்ட். முகட்டுக்குக் கீழே ஆவி போக விசிறியும், எதிர்ச்சுவரில் காற்று வரச் சாளரமும். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு கனமானது, தரையோரம் தங்கும். அதற்காகத் தாழவும் ஒரு துளை.

நான்காம் நிலையே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. மே முதல் ஆகஸ்ட் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் தெருவிலிருந்து யாராவது வந்தார்கள். ஒருவர் ரம்பத்தோடு, ஒருவர் யோசனையோடு, ஒருவர் சும்மா. பத்தாண்டாகத் தலையசைப்போடு நின்றவர்கள், கூரையில்லாச் சட்டத்துக்குள் நின்று மூட்டுவலி பேசினார்கள், பிள்ளைகள் போன் செய்யாததைப் பேசினார்கள். அந்த நான்கு மாதத்தில் அங்கே ஒரு சொட்டுப் பீரும் காய்ச்சப்படவில்லை. ஒருவரும் பீர் எங்கே என்று கேட்கவுமில்லை. நான் வீட்டிலிருந்து தேநீர்தான் கொண்டுபோனேன்.

6. பொருளியல்

மரம், பலகை, விசிறி எல்லாமாக 1,440 பவுண்டு. மாதம் 40 பைண்ட், ஆண்டுக்கு 480. முதலாண்டில் பைண்டுக்குக் கொட்டகைச் செலவு மட்டும் மூன்று பவுண்டு. மால்ட், ஹாப்ஸ் தனி. தெருமுனைப் பப்பில் அப்போது நான்கு பவுண்டுச் சொச்சத்துக்கு ஒரு பைண்ட் கிடைத்தது, கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. இக்கணக்கை அவர் முன்வைத்தேன். கவனமாகப் படித்துவிட்டு, “உள்ளே நாற்காலி எத்தனை போடலாம்?” என்று கேட்டார்.

7. முடிவு

பீருக்காகக் கொட்டகை கட்டப்படுகிறது என்பது இதுவரை நிலவிய கொள்கை. கொட்டகையில் உட்காரக் காரணம் வேண்டுமென்பதற்காகவே பீர் காய்ச்சப்படுகிறது என்பது இவ்வாய்வால் நிறுவப்படுகிறது. நம் ஊரில் திண்ணை இருந்தது. அதில் உட்கார எவரும் காரணம் காட்டவேண்டியிருக்கவில்லை. திண்ணை இல்லாத நாட்டில் மனிதன் பார்லியை ஊறவைக்கிறான்.

பின்வந்தோர்க்கு மூன்று பரிந்துரைகள்: கூரையைச் சுவரோடு பிணையுங்கள், ஆவிக்கு வழி விடுங்கள், நாற்காலி இரண்டுக்குக் குறையாமல் போடுங்கள். அவர் மூன்று போட்டார்.

2022 செப்டம்பர் 1 அன்று வரும் பருவத்தின் புயல் பெயர்கள் வெளியாயின. பட்டியலில் முதல் பெயர் ஆன்டனி. அன்று மாலை அவர் ஏணி போட்டு ஏறி, கூரையில் மேலும் எட்டுத் திருகாணி முடுக்கினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.