கடைமடைக்கு வராத பாட்டு

அந்தக் காலத்தில் பாட்டு நின்றுபோனால் ஊருக்கே காரணம் தெரியும். பிள்ளையார் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் கரகரவென்று இழுத்தால், "யூனிட் போச்சு" என்பார் டீக்கடைக்காரர். அது வீலென்று ஊளையிட்டால், மைக்கைக் குழாய்க்கு எதிரே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று மாடு மேய்க்கிற பையன் சொல்வான். சத்தமே இல்லையென்றால் கரண்ட் இல்லை. அதைச் சொல்ல ஆளே வேண்டாம். மைக் செட்டுக்காரர் சைக்கிளில் வருவார். ஆம்ப்ளிஃபயர் தலையில் கையை வைத்துச் சூடு பார்ப்பார். ஃபியூஸைப் பிடுங்கி, சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகுவார். நின்றிருந்த இசைத்தட்டு முனகிக்கொண்டே கிளம்பி, மெல்ல மெல்லச் சுருதிக்கு வந்து சேரும். சீர்காழி கோவிந்தராஜன் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இதற்கெல்லாம் யாரும் வகுப்புக்குப் போனதில்லை.

இப்போது மைக் செட் என் வீட்டு மாடிக்கே வந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிற பாதையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அதில் வெட்டாற்றுக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மாடியறையில் ஒரு லேப்டாப், கைப்பெட்டி அளவில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், சுவரில் அடித்த கோணி. பாடுவது அக்கா மகள். பதிவு செய்கிற பொறுப்பு, ஓய்வு பெற்றவன் என்ற ஒரே தகுதியால், எனக்கு.

முதல் பதிவு முடிந்தது. திரும்பக் கேட்கலாம் என்று பொத்தானைத் தட்டினேன். திரையில் கோடு நகர்ந்தது. பச்சை விளக்குகள் ஏறி இறங்கின. அவள் மூச்சு வாங்கிய இடம்கூட மேடு பள்ளமாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. மென்பொருளைக் கேட்டால் ஒலிக்கிறது என்கிறது. விண்டோஸைக் கேட்டால் கருவி சரியாக இயங்குகிறது என்கிறது. இன்டர்ஃபேஸில் ஒரு நீல விளக்கு, எனக்கென்ன வந்தது என்று எரிகிறது. எதுவும் கெடவில்லை. பாட்டு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டெல்டாக்காரனுக்கு இது புதிதில்லை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாயிற்று என்று பேப்பரில் படம் வரும். கல்லணையில் பூத் தூவுவார்கள். வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் பொய் இல்லை, நடுவில் ஏதோ ஒரு ஷட்டர் இறங்கியிருக்கிறது. அதைத் தேடுகிற வாய்க்கால் காவலர், அதாவது லஸ்கர், கல்லணையில் போய் நிற்க மாட்டார். வயலில் ஆரம்பித்து மேலேறி வருவார். நானும் ஸ்பீக்கரில் ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் செல்போனைச் சொருகினால் பாடுகிறது, சரி. இன்டர்ஃபேஸில் ஹெட்போன் போட்டால் மௌனம். ஆக, மடை அதற்கும் மேலே. மென்பொருளின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், ஒலி வெளியேறும் இடம் என்ற கட்டத்தில் கீழ்த்தளத்து டிவியின் பெயர். பெரிய திரையில் பார்க்கலாமே என்று மருமகப்பிள்ளை ஹெச்டிஎம்ஐ வயரைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். விண்டோஸ் அதையே புது எஜமானாக ஏற்றுக்கொண்டது. டிவியோ மியூட்டில். அந்த அரை மணி நேரமும் என் அக்கா மகள் கீழே, சோபாவுக்கு எதிரே, சத்தமில்லாமல் கல்யாணி பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இது சின்ன வியாதி. பெரிய வியாதி சத்தம் வந்த பிறகுதான் வந்தது.

"மாமா, இது நான் இல்ல. யாரோ சின்னப் பொண்ணு பாடுறா, அதுவும் பஸ்ஸைப் புடிக்கிற அவசரத்துல."

உண்மைதான். அவளுக்கு ஐந்து கட்டை சுருதி. வந்த குரல் ஐந்தரையிலும் இல்லை, ஆறிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எந்த வித்வானும் ஒப்புக்கொள்ளாத ஓர் இடத்தில் நின்றது. பத்து நிமிட ஆலாபனை 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிட்டது. கணக்கு இப்படி: கணினி ஒலியை விநாடிக்கு இத்தனை துண்டு என்று நறுக்கி எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1982-ல் வந்த குறுந்தகட்டுக்கு 44,100 துண்டு. வீடியோ உலகத்துக்கு 48,000. பதிவு நடந்தது 44,100-ல். அதற்கப்புறம் அவள் அதே லேப்டாப்பில் இணையவழிப் பாட்டு வகுப்பைத் திறந்தாள். வீடியோ அழைப்பு சத்தமில்லாமல் இன்டர்ஃபேஸை 48,000-க்கு மாற்றியது. மென்பொருளுக்கு அந்தச் சேதி போகவில்லை. 44,100 துண்டு என்று அது நம்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க, கருவி 48,000 வேகத்தில் தின்று தீர்த்தது. நூற்றுக்கு 8.8 வேகம் கூட. ஒன்றரை ஸ்வரஸ்தானத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றம். பாட்டு வகுப்பே பாட்டைக் கெடுத்த நிகழ்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே வியாதியை எண்பதுகளில் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். தியாகராஜ ஆராதனை நாளில் பஞ்சரத்ன கோஷ்டி கானத்தை வானொலியில் நேரடியாக ஒலிபரப்புவார்கள். அப்பா டிரான்சிஸ்டருக்கு எதிரே டேப்பை வைத்து, எல்லாரையும் கொல்லைக்கு விரட்டிவிட்டுப் பதிவு செய்வார். நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிகிற ஐந்தில், ஆரபி முடிகிற நேரத்தில் கேசட்டைத் திருப்ப வேண்டும். அந்தக் கடமை எனக்கு. ஒரு வருஷம் கரண்ட் இல்லாமல் பழைய பேட்டரியில் ஓட்டினார். உயிர் போகிற பேட்டரியில் மோட்டார் மெதுவாகச் சுற்றியது. அடுத்த வாரம் புது பேட்டரி போட்டுக் கேட்டால், திருவையாற்றுப் பந்தலில் இருந்த அத்தனை பெரியவர்களும் பிள்ளைக் குரலில் ஓடினார்கள். அப்பா அசரவில்லை. புது பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டார். சுருதி சேர்ந்துவிட்டது.

எந்தக் கையேட்டிலும் இல்லாத வைத்தியம். ஆனால் இன்று நான் செய்ததும் அதேதான்: பதிவான வேகத்துக்கே கருவியைத் திருப்பினேன். அவருக்கு அரை நிமிடம் ஆனது. எனக்கு ஒரு ராத்திரி.

அதற்கும் முந்தின தலைமுறை இன்னும் நிம்மதியாக இருந்திருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர்தான். பழைய இசைத்தட்டுகள் எல்லாமே அந்த வேகத்தில்தான் வெட்டப்பட்டன என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சாவி கொடுத்த கிராமபோனில் ஸ்பிரிங் தளரத் தளரச் சுருதியும் இறங்கும். அந்தத் தட்டுகளில் ஒலித்த நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். குட்டையான திமிரி நாயனத்தின் உச்சஸ்தாயியை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் நீளமான பாரி நாயனம் செய்யச் சொல்லி, சுருதியை இறக்கியவர் அவர். அவர் தட்டை வைத்துவிட்டு, எத்தனை கட்டை என்று எங்கள் தாத்தாவும் சகாக்களும் திண்ணையில் சண்டை போடுவார்கள். தட்டு சுற்றுகிற வேகத்தை ஒரு சின்னத் திருகால் கூட்டிக் குறைத்து அவரவர் கட்சிக்கு ஏற்றபடி கட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்பதை யாரும் பேசியதாக நினைவில்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். சுற்று வேகத்துக்கு இன்னும் யாரும் முத்திரை கொடுக்கவில்லை.

அடுத்தது இரைச்சல். சுருதி சரியானதும், பாட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம் இருப்பது தெரிந்தது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். அவளுடைய ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஐம்பதை நான்கால் பெருக்கினால் 200. மின்வாரியம் இலவசமாக ஒரு தம்புரா போட்டுத் தருகிறது, கிட்டத்தட்ட ஐந்து கட்டையில்! அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூக்கல் என்பதுதான் குறை. பழைய மைக் செட்டில் இந்த ரீங்காரம் ஒரு நல்ல சகுனம். "உம்"மென்று கேட்டால் செட் தயார், பேச்சாளர் தொண்டையைக் கனைக்கலாம். இப்போது அது குற்றம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், ரீங்காரம் நின்றது. அப்படியானால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியன் வந்து, கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கொல்லைப்புறத்துக்குப் போனார்.

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துனீங்களா சார்?"

உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழி கோடையில் காய்ந்து கிடந்தது. நாலு குடம் ஊற்றினார். சார்ஜரைச் செருகினேன். ரீங்காரம் பாதிக்குமேல் அடங்கிவிட்டது. சங்கீதத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தாமதத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தவில் வாசிக்கிற பக்கத்துத் தெருப் பையன் புளூடூத் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக்கு வாசித்தான். எல்லா அடியும் பிந்தியே விழுந்தது. பாவம், அவன் மேல் பிழையில்லை. புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிந்தி வருவது சாதாரணம். அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்தால் சதுஸ்ர நடையில் ஏறக்குறைய ஒரு மாத்திரையே போய்விடுகிறது. வயர் ஹெட்போன் கொடுத்தேன். மென்பொருளில் பஃபரை 1024 துண்டிலிருந்து 256-க்கு இறக்கினேன். 23 மில்லி விநாடி 6-க்குள் வந்தது. காற்றில் ஒலி அந்த நேரத்தில் இரண்டு மீட்டர்தான் போகும். நாயனமும் தவிலும் சுவாமி புறப்பாட்டில் நிற்கிற தூரம். அதற்குக் கீழே இறக்கினால் லேப்டாப் மூச்சுத் திணறி, பொரிகடலை பொரிகிற சத்தம் போடுகிறது.

ஒருவழியாகப் பாட்டு ஐந்து கட்டையில், ரீங்காரம் அவ்வளவாக இல்லாமல், தாளம் தப்பாமல் வந்தது. ஹெட்போனில் கேட்டால் குரல் தலையைச் சுற்றி அகலமாக நின்றது. நடுவில் மட்டும் ஏனோ ஒரு வெற்றிடம். ஸ்டீரியோ என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று குடும்பக் குழுவுக்கு அனுப்பினோம். கடையில் செய்து வாங்கிய இரண்டு மைக் வயர்களில் ஒன்றில், இரண்டாவது முள்ளுக்கும் மூன்றாவது முள்ளுக்கும் பற்றவைப்பை மாற்றிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மைக்கில் குரலின் அலை மேலே போகும்போது மற்றதில் கீழே போகும். காதுக்கு ஒன்றாகத் தனித்தனியே கேட்கிறவரை தொந்தரவில்லை. செல்போனின் ஒற்றை ஸ்பீக்கர் இடதையும் வலதையும் கூட்டுகிறது. கூட்டினால் நடுவில் இருந்த குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். இரண்டு மைக்குக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராத சத்தங்கள் மட்டும் மிஞ்சும். பதிவு நடந்த அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வயல்.

மாயவரத்துப் பெரியம்மா அன்று ராத்திரியே போன் செய்தார். "தவளைச் சத்தம் ரொம்பத் தெளிவா இருக்குடா. பாட்டை எப்ப அனுப்புவ?"