ஒரே மூச்சில்

"ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதே இல்லை. இருநூற்றுச் சொச்சம் பக்கத்தை ஒரே மூச்சில் படித்தால் ஆள் இருக்க மாட்டார். இருந்தாலும் போன மாதம் நண்பர் ஒருவர் ஆஸ்திரேலிய எழுத்தாளர் டிம் விண்டனின் 'ப்ரெத்' நாவலைக் கையில் திணித்து அதே வசனத்தைச் சொன்னபோது வாங்கிக்கொண்டேன். புத்தகத்தின் பெயரே 'மூச்சு' என்பதால் ஒரு சலுகை.

2008-இல் வந்த நாவல். மறுவருடம் ஆஸ்திரேலியாவின் மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசு கிடைத்தது. விண்டனுக்கு அது நான்காவது முறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், எழுபதுகளில், சாயர் என்கிற கற்பனை ஊர். மரம் அறுக்கும் ஆலை, ஓர் ஆறு, சும்மா இருக்கத் தெரியாத இரண்டு பையன்கள். பைக்லெட், லூனி. ஆற்றுக்கடியில் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பதும், கரையில் நிற்பவர்கள் "ஐயோ, பையன் போயிட்டான்" என்று அலறும்வரை மேலே வராமல் இருப்பதும்தான் இவர்களின் பொழுதுபோக்கு. எங்கள் ஊர்க் கிணற்றிலும் இதைச் செய்தவர்கள் உண்டு. மேலே வந்ததும் விளக்குமாற்றால் வாங்கியதால் அவர்களில் யாரும் நாவலாகவில்லை.

அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு அரிப்பெடுத்துவிட்டது. குளியலறைக் கதவைத் தாழிட்டு, பக்கெட்டை நிரப்பி, செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு முகத்தை உள்ளே விட்டேன். இருபது விநாடிவரை சொர்க்கம். முப்பதில் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். பிராணவாயு தீர்ந்துபோனதால் வருகிற தட்டல் அல்ல அது. கரியமில வாயு சேரச் சேர மூளை அடிக்கிற மணி. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்கினால் அந்த மணியை ஏமாற்றலாம். பையன்கள் அதைத்தான் செய்கிறார்கள். மணி அடிக்காமலே நினைவு தப்பிப் போய்ச்சேர்ந்தவர்கள் உண்டு என்பதால் நான் ஏமாற்றவில்லை. அதற்குள் நிஜக் கதவும் தட்டப்பட்டது. "உள்ளே என்னங்க பண்றீங்க, சத்தத்தையே காணோம்?" மூச்சைப் பிடித்திருப்பவன் எப்படிப் பதில் சொல்வது? தலையைத் தூக்கினேன். 38 விநாடி.

பையன்களுக்கு அலைச்சறுக்கில் ஒரு குரு கிடைக்கிறார். பெயர் சாண்டோ. நமக்கு சாண்டோ என்றால் சின்னப்பா தேவர்தான். அவர் யானையையும் பாம்பையும் பழக்கிப் படமெடுத்தார். இவர் பையன்களைப் பழக்கி அலையில் விடுகிறார். பார்னீஸ் என்றொரு இடம் வருகிறது. அங்கே உலாவும் பெரிய வெள்ளைச் சுறாவின் பெயர்தான் பார்னி. செல்லப்பெயர் வைத்துவிட்டால் கடிக்காது என்று நம்பிக்கை போலும். அடுத்தது ஓல்டு ஸ்மோக்கி. கரையைவிட்டு வெகுதூரத்தில், நீருக்கடியில் ஒளிந்திருக்கும் பாறையின்மேல் எழும் அலை. ஆஸ்திரேலியர்கள் 'பாம்போரா' என்கிறார்கள். தெற்குப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயல் கிளப்பிவிட்ட அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாமல் ஓடிவந்து, ஆழம் சட்டென்று குறைகிற இடத்தில் கால் தடுக்கி விழுகிறது. அந்த விழுகையின்மேல் பலகை போட்டு நின்றுகொண்டு போக வேண்டுமாம்.

எனக்கும் அலைக்கும் உள்ள உறவு கணுக்கால் அளவு. அலைச்சறுக்கின் தாய்வீடு ஹவாய் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஹவாய் ரப்பர் செருப்பு மட்டும்தான். பெசன்ட் நகரில் பேன்ட்டை மடித்துவிட்டு நின்ற ஒரு மாலையில் இடதுகால் செருப்பை அலை வாங்கிக்கொண்டு போனது. முழங்கால் நனையும்வரை துரத்தினேன். அடுத்த அலை வந்தது. செருப்பின் விலையை யோசித்துப் பார்த்துத் திரும்பிவிட்டேன். மிச்சமிருந்த ஒன்றைக் கையில் பிடித்தபடி ஆட்டோவில் ஏறினால், "இன்னா சார், கோயில்ல ஒண்ணை மட்டும் சுட்டுட்டானா?" என்றார் ஓட்டுநர்.

அதனால்தான் நாட்டிலஸ் என்ற அலையருகே பைக்லெட் செய்ததைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துக் கும்பிட்டேன். பாறை, அதன்மேல் பேருக்குக் கொஞ்சம் தண்ணீர், அதில் இடிந்து விழும் அலை. லூனி போகிறான். பைக்லெட் போகவில்லை. குருவும் நண்பனும் அவனை விட்டுவிட்டு வெளிநாட்டு அலை தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். கதை இருண்டுபோவது அதன் பிறகுதான். அப்போது வருகிற மூச்சடைப்பு கடலில் நடப்பதல்ல. இந்த மாதிரிக் கட்டுரையில் சொல்லக்கூடியதும் அல்ல. ஆனால் எல்லாரும் குதிக்கும்போது "நான் வரலை" என்று சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

நாவலில் இன்னொரு மூச்சும் உண்டு. பைக்லெட்டின் அப்பா குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், நடுவில் சட்டென்று மூச்சு நின்றுவிடும். அது எப்போது திரும்பி வரும் என்று பையன் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். சுறாவைவிட எனக்கு இதுதான் திகில். மனைவியிடம் சொன்னேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நீங்களும் அப்படித்தான். நேத்து ராத்திரி எண்ணினேன். நாற்பத்தொண்ணு."

பயிற்சியே இல்லாமல், அதுவும் தூங்கிக்கொண்டே, என் சாதனையை நானே முறியடித்திருக்கிறேன்.

"திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போறோம்."

பைக்லெட்டை ஒருமுறை மனதில் நினைத்துக்கொண்டேன். "நான் வரலை" என்றேன்.

"டோக்கன் போட்டாச்சு" என்றாள்.