ஆனா ஒண்டு

ஓமந்தைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வாங்கின் வலது ஓரத்தில் அமர்ந்து, இன்னும் தொடங்காத போட்டியின் முடிவை அறிவிக்கும் முற்கூறுநர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பிழை விட்டதில்லை. இதற்குக் காரணம் அவருடைய விளையாட்டறிவு அன்று. தம் ஒவ்வோர் அறிவிப்பின் நடுவிலும் தவறாமல் அவர் செருகும் "ஆனா ஒண்டு" என்னும் தொடரே ஆகும். எழுத்துத் தமிழில் "ஆனால் ஒன்று" என விரியும் இத்தொடர், ஏனையோர் வாயில் ஒரு சிறு திருத்தத்தை மட்டுமே குறிக்க, முற்கூறுநரின் வாயிலோ வாக்கியத்தின் முதற்பாதி கொடுத்ததையெல்லாம் இரண்டாம் பாதி வட்டியுடன் திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதியாக மாறிவிடுகிறது. "இந்தியாதான் வெல்லும். ஆனா ஒண்டு, பாகிஸ்தான்காரங்கள் எப்ப என்ன செய்வாங்களெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்று அவர் கூறும்போது, இந்தியா வென்றால் முதல் வாக்கியமும், தோற்றால் இரண்டாம் வாக்கியமும், மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டால் "ஒருத்தருக்கும் தெரியாது" என்ற கடைசிச் சொற்களும் மெய்யாகின்றன என்பதைக் கவனித்தால், அவருடைய முறையின் உறுதி விளங்கும்.

கிரிக்கெட் நெடுங்காலம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. ரொறன்ரோவில் வசிக்கும் மருமகன் ஒருவர், அங்கே தாம் பார்க்கும் கொல்ப் ஆட்டங்களைப் பற்றிக் கைப்பேசியில் அனுப்பத் தொடங்கியதன் பின்னரே, தம் தொடருக்கு ஏற்ற விளையாட்டு இவ்வளவு காலமும் தம்மிடமிருந்து மறைக்கப்பட்டிருந்ததை அவர் உணர்ந்தார். கொழும்பில் 1879ஆம் ஆண்டு தொடங்கிய கொல்ப் கழகத்தின் பொரளை மைதானத்தின் ஊடாகக் களனிவெளி ரயில் பாதை செல்வதால், எப்போதோ ஒருமுறை அவிசாவளைக்குப் போகையில் பெட்டி யன்னலினூடாக அம்மைதானத்தை அவர் பார்த்திருக்கிறார். அந்தச் சில நிமிடக் காட்சி, புல்லின் தன்மை குறித்து எவருடனும் விவாதிப்பதற்கான தகுதியை அவருக்கு நிரந்தரமாக வழங்கியுள்ளது.

பெரிய கொல்ப் போட்டி வழக்கமாக நான்கு நாட்களில், நாளொன்றுக்குப் 18 குழிகள் வீதம் ஆடப்படுகிறது. பந்தைக் குழிக்குள் விழுத்த எடுத்த அடிகள் எல்லாவற்றையும் கூட்டி, மிகக் குறைந்த தொகை உடையவர் வென்றவராகிறார். இதற்கு மாறாக, ஒருவரோடொருவர் மோதும் முறையில் அடிகளின் மொத்தம் கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு குழியும் ஒரு தனிச் சண்டையாக எண்ணப்பட, ஒரு குழியில் பத்து அடி அடித்துச் சீரழிந்தவரும் அந்த ஒரு குழியை மட்டும் இழந்து, அடுத்த குழியில் புதிதாகத் தொடங்கலாம். எஞ்சிய குழிகளின் எண்ணிக்கையை விட ஒருவரின் முன்னிலை பெரிதாகும்போது ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுவதால், மூன்று குழிகள் முந்தி, ஆட இரண்டு மட்டும் மீதமிருந்தால் அம்முடிவு "மூன்றுக்கு இரண்டு" எனக் குறிக்கப்படுகிறது. இந்த "மூன்றுக்கு இரண்டு", "ஐந்துக்கு நான்கு" முதலிய எண்களை முற்கூறுநர் பஞ்சாங்கக்காரர் நட்சத்திரப் பொருத்தம் சொல்லும் தொனியிலேயே உச்சரிப்பார்.

இம்முறையில் 1999 முதல் 2023 வரை நடைபெற்ற உலகக் கொல்ப் மோதல் போட்டியில் தரவரிசையின் முன்னணி வீரர்கள் 64 பேர் அழைக்கப்பட்டனர். முதல் பதினாறு ஆண்டுகளும் அது தோற்றவர் உடனே வெளியேறும் போட்டியாகவே இருந்தது. கிண்ணத்தைப் பெற ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்வதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்புள்ள வீரருக்குக்கூட ஆறையும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தை எட்டுவதில்லை என்பது கணக்கு. 2002ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லா கொஸ்டாவில் இந்தக் கணக்கு கண்முன்னே நடந்தது: போட்டி வரிசையில் முதலிடத்தில் இருந்த டைகர் வூட்ஸ், 64ஆம் இடத்தவரான பீட்டர் ஓமாலியிடம் முதற்சுற்றிலேயே தோற்றார், இரண்டாம், மூன்றாம் இடத்தவர்களான பில் மிக்கல்சனும் டேவிட் டுவாலும் அவரைப் பின்தொடர்ந்தனர், டுவாலை வீழ்த்திய 62ஆம் இடத்தவர் கெவின் சதர்லன்ட் இறுதியில் கிண்ணத்தையே கொண்டுபோனார். வேறெந்த முற்கூறுநரும் இவ்வாண்டை நினைவுபடுத்த விரும்பமாட்டார். ஓமந்தை முற்கூறுநரோ அதனைத் தம் வேத வாக்காகக் கொண்டு, "டைகர் வெல்லுவான், ஆனா ஒண்டு, டைகர் தோக்கவும் பிறந்தவன்தான்" என்று, அந்த வீரர் களத்தில் இல்லாத ஆண்டுகளிலும் கூறிவருகிறார்.

தொடரின் பின் வரும் பகுதியே ஆராய்ச்சிக்கு உரியது. அது காற்றாக இருக்கலாம். கடற்கரை மைதானங்களில் காற்று பந்தைத் திருப்பும் என்பது உண்மையாதலால் இதனை எவரும் மறுக்க இயலாது. வீரரின் முதுகு நோவாக இருக்கலாம். வீரருக்கு அண்மையில் பிறந்த குழந்தையாகவோ, அக்குழந்தையின் பின்னிரவு அழுகையாகவோ இருக்கலாம். ஒருமுறை அது வீரரின் பையைச் சுமப்பவர் மாறிவிட்டதாகவும், இன்னொரு முறை அதே சுமப்பவர் மாறாமல் இருப்பதாகவும் அமைந்தது. காரணம் எதுவும் அகப்படாத நாட்களில் "ஆனா ஒண்டு" என்று சொல்லி நிறுத்தி, பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்து, வீதியில் போகும் பேருந்தைப் பார்த்துவிட்டு, அந்த ஒன்று எதுவென்று கூறாமலேயே எழுந்துவிடுவதும் உண்டு. அதுவே அவருடைய முறையின் உச்சம் எனக் கொள்ளலாம். ஏனெனில் வெற்றிடமாக விடப்பட்ட அந்த ஒன்றுக்குள் மறுநாள் நடந்த எதனையும் வைத்து நிரப்பிக்கொள்ளலாம். ஒருவரோடொருவர் மோதும் கொல்பில், எதிராளியின் பந்து குழியருகே கிடக்கையில் அதனை அடிக்க விடாமலேயே "விழுந்ததாகக் கொள்வோம்" என்று விட்டுக்கொடுக்கும் மரபு உண்டு. 1969ஆம் ஆண்டு றைடர் கிண்ண அணிப் போட்டியின் கடைசிக் குழியில் அமெரிக்கரான ஜக் நிக்லஸ் பிரித்தானியரான டோனி ஜக்லினுக்கு அவ்வாறு விட்டுக்கொடுத்ததால் அக்கிண்ணம் 16க்கு 16 எனச் சமனாக முடிந்தது. கொல்ப் குறித்து முற்கூறுநர் கற்றவற்றுள் அவரிடம் தங்காமல் போனது இம்மரபு ஒன்றேயாகும்.

அவருடைய பொற்காலம் 2025 செப்ரெம்பர் 26 வெள்ளி முதல் 28 ஞாயிறு வரையான மூன்று நாட்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணிக்குப் பன்னிருவராக ஈராண்டுக்கு ஒருமுறை மோதும் றைடர் கிண்ணம் நியூயோர்க்கில் அந்நாட்களில் நடந்தது. ஆசியக் கிண்ணக் கிரிக்கெட்டின் கடைசி ஆட்டங்கள் துபாயில் அதே நாட்களில் அமைந்தன. வெள்ளியன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான ஆட்டம் ஆளுக்கு 202 ஓட்டங்களில் சமனாகி, மேலதிக ஓவரில் இந்தியா வென்றது. "எங்கட பெடியள் அடிப்பாங்கள், ஆனா ஒண்டு, அவங்களும் விடமாட்டாங்கள்" என்ற அவருடைய அறிவிப்பின் இரு பாதிகளும் ஒரே இரவில் ஒருங்கே மெய்யான அரிய நிகழ்வு அது. ஞாயிறு விடியும்போது கொல்பில் ஐரோப்பா 11½க்கு 4½ என முன்னின்றது. இரண்டு நாள் முடிவில் அவ்வளவு பெரிய முன்னிலை இருக்கையில் வேறு எவராயினும் வாயை மூடியிருப்பார், அவரோ, "யூரோப் கப்பைத் தூக்கீட்டுது. ஆனா ஒண்டு, அமெரிக்காக்காரன் தன்ர மண்ணிலை சும்மா விடான்" என்றார். அன்றிரவு துபாய் இறுதியில் 113க்கு ஒரு விக்கெட் என்று நின்ற பாகிஸ்தான் 146இல் சுருண்டது. 20க்கு மூன்று விக்கெட்டுகளை இழந்த இந்தியா பின்னர் ஐந்து விக்கெட்டுகளால் வென்றது. நியூயோர்க்கிலோ ஐரோப்பாவின் விக்டர் ஹொவ்லன்ட் கழுத்து நோவால் விலக, விதிப்படி அவ்வாட்டம் ஆடப்படாமலேயே அணிக்கு அரைப் புள்ளியாகப் பகிரப்பட, ஏனைய தனிநபர் ஆட்டங்களில் அமெரிக்கா அடுக்கடுக்காக வென்று, முடிவில் ஐரோப்பா 15க்கு 13 என்று மட்டுமே தப்பியது. மறுநாள் காலை நித்திரையின்றிச் சிவந்த கண்களுடன் கடைக்கு வந்த முற்கூறுநரின் நடையில், ஒரு தேர்தலில் இரண்டு கட்சிகளின் சார்பிலும் வென்றவரின் களை இருந்தது.

இனிப் பந்தயம். ஓமந்தையில் மரபாகப் பந்தயப் பொருளாக வைக்கப்படுவது ஒரு வாய்ப்பனும் ஒரு பிளேன்ரீயும் ஆகும். நிகழ்தகவை "வாய்ப்பு" என்று வழங்கும் மொழியில், வாழைப்பழமும் மாவும் பிசைந்து எண்ணெயில் பொரித்த வாய்ப்பன் அதன் நாணயமாக அமைந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. இந்தப் பொருளைக்கூட முற்கூறுநர் தம் கையிலிருந்து வைத்ததாகச் சான்று இல்லை. தோற்றவரும் வென்றவரும் அவருடைய கருத்தைக் கேட்டவர்களே ஆதலால், இரு தரப்பின் தட்டிலிருந்தும் அவருக்குப் பங்கு வந்துசேர்கிறது.

வாய்ப்பனோடு நின்றிருந்தால் இதனைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆங்கிலேயக் குதிரை ஓட்டங்களுக்குப் பணம் வாங்கும் புக்கிக் கடைகளுக்கு நகரத்துக்குப் போக வேண்டியிருந்த காலம் மாறி, சமபலமுள்ள இரு வீரர்களுக்கும் ஆயிரம் கட்டினால் 1900 என்று காட்டும் திரை இப்போது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. இருவர் ஆளுக்கு ஆயிரம் கட்டினால், வென்றவருக்கு 1900ஐக் கொடுத்த பின், எவர் வென்றாலும் நூறு ரூபா பந்தயம் நடத்துபவரிடமே தங்கிவிடுகிறது என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய கணிதம் தேவையில்லை. அதனை விளக்கும் பொறுமைதான் அந்தக் கடையில் எவருக்கும் இல்லை. மேசன் வேலைக்குப் போய் வரும் இளைஞர், முற்கூறுநரின் வாக்கியத்தில் முதற்பாதியை மட்டும் கேட்டுவிட்டு ஒரு நாட்சம்பளத்தைக் கட்டுகிறார், பணம் போன பின்பு, "அண்ணை, நீங்கள்தானே வெல்லுமெண்டனீங்கள்?" என்று கேட்டால், "தம்பி, நான் ஆனா ஒண்டு எண்டும் சொன்னனான்" என்ற பதிலே கிடைக்கிறது. இது நகைச்சுவை அல்ல. இரண்டாம் பாதி கேட்கும் முன்பே இளைஞர்கள் எழுந்துவிடுகிறார்கள் என்பது தெரிந்தும், முதற்பாதியை உரத்தும் இரண்டாம் பாதியைத் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளும் சொல்வது ஒரு குற்றம். சட்டப் புத்தகத்தில் அதற்குப் பெயர் இல்லை, அவ்வளவே.

ஆயினும் இத்தொடரை அவர் விளையாட்டிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, இராணுவத்தின் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் பகுதிக்கும் இடையிலான கடவையாக ஓமந்தை இருந்தது. அங்கே வெயிலில் நின்ற மக்களிடையே, இன்று விடுவார்களா, பொதியைப் பிரிப்பார்களா, சீமெந்து போகுமா என்ற கேள்விகளுக்குத் திட்டமாக விடை கூறத்தக்கவர் எவரும் இருக்கவில்லை. "இண்டைக்குப் பாதை திறப்பாங்கள், ஆனா ஒண்டு..." என்று அப்போது சொன்னவர் எவரையும் ஏமாற்றவில்லை, வரிசையில் நின்ற பெண்ணின் கைக்குழந்தைக்காக ஒரு நம்பிக்கையையும், அது பொய்த்தால் அவள் நொறுங்கிப்போகாதிருக்க ஒரு தயார்நிலையையும் ஒரே வாக்கியத்தில் கொடுத்தார். 1990இல் நின்றுபோன ரயில் 2011இல் ஓமந்தைக்கு வரும் என்று சொன்னபோதும் அவர் அத்தொடரைச் சேர்த்தே சொன்னார். ரயில் வந்துவிட்டது, தொடர் போகவில்லை.

றைடர் கிண்ணம் முடிந்து ஓரிரு கிழமைகளில் காலபோக விதைப்புத் தொடங்கிவிடுகிறது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு வானத்துக்குக் காத்திருக்கும் புழுதி விதைப்பில், மழை பத்து நாள் பிந்தினால் எறும்பும் குருவியும் போக எஞ்சுவது சொற்பமே. கடையில் கமக்காரர் எவராவது, "அண்ணை, எப்ப விதைப்பம்?" என்று கேட்டால், முற்கூறுநர் வாங்கை விட்டு எழுந்து, வீதியோரம் வரை நடந்து, கிழக்கே ஒருமுறையும் குளத்துப் பக்கம் ஒருமுறையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அமர்கிறார். "வாற வெள்ளிக்கிழமை விதையுங்கோ" என்கிறார். கேட்டவர் பழக்கத்தினால் சற்று நேரம் காத்து நிற்கிறார். மேற்கொண்டு எதுவும் வருவதில்லை. அந்த வெள்ளிக்கென முற்கூறுநரின் வீட்டுத் திண்ணையில் அவருடைய சொந்த விதைநெல் நான்கு மூட்டைகள் ஏற்கெனவே இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.