கருவிலே திரு, கருவிலே கருப்பு

பட்டாசு மருந்தைக் களத்தில் காயப்போட்டே கறுத்துப்போனேன். இந்தக் கருப்பு எங்கிருந்து வருகிறது ஐயா?
*வாசகர், இருக்கன்குடி*

கருவிலிருந்து! நிறமி செல்லின் உட்கருவுக்குள் எம்.ஐ.டி.எஃப். என்றொரு புரதம் இருக்கிறது. டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, மெலனின் என்ற கருநிறமியை உண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். உங்கள் ஆலை போர்மேன் மாதிரி. வெயில் ஏறினால் உற்பத்தியையும் ஏற்றும்.

போர்மேன் வேலையில் குறை வைத்தால்?

பிறவியிலேயே அப்படியானால் வார்டன்பர்க் நோய்க்குறி. முன்நெற்றி முடி நரைத்திருக்கலாம். சிலருக்குக் காதே கேட்காது. உட்காதுக்கும் நிறமி செல் வேண்டும்!

ஓவர்டைம் பார்த்தால்?

சில மெலனோமா புற்றுநோய்களில் இந்தப் புரதத்தின் மரபணுவே பல பிரதிகளாகப் பெருகி, நோய் செல்லை வாழவைக்கிறது. பாஸ்டன் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் 2005இல் கண்டு சொன்னது. மருந்து அளவு மீறினால் என்னவாகும் என்று உங்கள் ஊருக்கா சொல்லித்தர வேண்டும்?

அது வெள்ளைத்தோல்காரர்கள் நோய்தானே?

ஜமைக்கா பாடகர் பாப் மார்லி வெள்ளைத்தோல்காரரா? கால் பெருவிரலில் தொடங்கிய மெலனோமா, 1981இல் 36 வயதில் அவரைக் கொண்டுபோனது.

நம்மவர்களுக்கு அது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களே, வீடு திரும்பிக் கால் கழுவும்போது உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். பரவும் கரும்புள்ளி, நகத்தில் அகலமாகும் கருங்கோடு, ஆறாத புண் தெரிந்தால், ‘முள் குத்தியது’ என்று விட்டுவிடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம்.